வெட்டச் சொன்ன அந்த அரைமணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாம் ரெய்மி இயக்கத்தில் 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தைப் பற்றித் தங்கள் சினிமாப் பக்கத்தில் சென்ற வாரம் எழுதிய கட்டுரையாளர், நடுவில் அரைமணி நேரத்தை வெட்டி எறிந்திருந்தால் படம் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டு, நேராக ரயில் சண்டைக்குத் தாவிவிட்டார். எழுதியவரின் வயது எனக்குத் தெரியாது. வாடகை பாக்கி வைத்த அனுபவம் இல்லாதவர் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அந்த நடுப்பகுதியில் என்ன இருக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. 29 நிமிடத்தில் கொண்டுசேர்க்க வேண்டிய பீட்சாவைத் தாமதமாகச் சேர்த்து வேலையை இழந்த பீட்டர் என்ற இளைஞன், அதாவது ஸ்பைடர்மேன், வாடகைக்குக் காத்திருக்கும் வீட்டுக்காரரைத் தாண்டித் தன் அறைக்குப் போகவேண்டியிருக்கிறது. சண்டைக்கு அணியும் உடையை வெள்ளைத் துணிகளோடு போட்டுத் துவைத்ததில் சாயம் இறங்கி எல்லாம் பாழாகிறது. கையிலிருந்து நூல் வராததால், அதே உடையோடு லிஃப்டில் ஓர் அந்நியருக்குப் பக்கத்தில் அசடு வழிய நிற்கிறான். பின்னர் அந்த உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறான். 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸில், 1967இல் வெளிவந்த 50ஆம் இதழில் ஜான் ரொமிட்டா வரைந்த காட்சி அது. படத்தை நீட்டுவதற்காக யாரோ செருகியது போலக் கட்டுரையாளர் எழுதியிருப்பது வேடிக்கை. வீட்டுக்காரரின் மகள் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டி, ஒரு துண்டு சாக்லேட் கேக்கும் ஒரு தம்ளர் பாலும் கொடுக்கும் காட்சியில் கதை ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று மாத வாடகை பாக்கியோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிய எனக்கு, படம் முழுவதிலும் அதைவிட நெருக்கமான காட்சி வேறில்லை.

கட்டுரையாளரின் ஆசையை எங்கள் ஊர்த் திரையரங்கு ஒன்று அப்போதே நிறைவேற்றிவிட்டது என்பதை அவருக்குத் தெரிவித்தால் மகிழ்வார். நாளைக்கு ஒரு காட்சி கூடுதலாக ஓட்டுவதற்காகத் தமிழ் மொழிமாற்றுப் படத்தின் நடுவில் கத்தரி போட்டிருந்தார்கள். தான் பிடித்திருக்கக்கூடிய திருடனைப் போகவிட்டதால்தான் தன்னை வளர்த்த பென் இறந்தார் என்று அவருடைய மனைவி மேயிடம் பீட்டர் ஒப்புக்கொள்ள, அந்த முதியவள் ஒரு சொல்லும் பேசாமல் தன் கையை விலக்கிக்கொண்டு மாடிக்குப் போகும் காட்சி எங்கள் ஊரில் ஓடவே இல்லை. பிறகு அவள் அவனை அணைத்துக்கொண்டு உண்மையைச் சொன்ன துணிச்சலைப் பாராட்டியபோது, என்னோடு வந்த ஒன்பது வயது மகன், "எந்த உண்மையைப்பா?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறுந்தகட்டில் பார்த்துத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

ரயில் சண்டையை நானும் ரசிப்பவன்தான். ஆனால் ரயிலைத் தடுத்து நிறுத்திவிட்டு மயங்கிச் சரிந்தவனைப் பயணிகள் தலைக்கு மேலே ஏந்தி உள்ளே கொண்டுபோய்க் கிடத்தி, முகமூடியில்லாத அந்த முகத்தைப் பார்த்து, இவன் சின்னப் பையனல்லவா என்று திகைக்கும்போது நமக்குத் தொண்டை அடைப்பதற்குக் காரணம், அதே முகத்தை அதற்குமுன் வாடகைக்கும் வேலைக்கும் தவித்த முகமாகப் பார்த்திருப்பதுதான். அதை வெட்டிவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு ரயில். அந்த ரயிலும் முழுக்க நியூயார்க்கில் எடுக்கப்பட்டதாக எழுதியிருப்பது தவறு. மேம்பாலத் தண்டவாளக் காட்சிகளுக்காகப் படக்குழு சிகாகோவுக்குப் போனது. வில்லனாக நடித்த ஆல்ஃபிரட் மொலினாவின் முதுகிலிருந்து கிளம்பும் நான்கு உலோகக் கைகளும் கணினியில் மட்டும் பிறந்தவையல்ல. பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் அவற்றைக் கையால் இயக்கினார்கள். 2005இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது பெற்ற படத்தைப் பற்றி எழுதுகிறவர் இவ்வளவாவது தேடியிருக்கலாம்.

இன்னொன்று. மேயை அத்தை, அத்தை என்று கட்டுரை முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். பென் பார்க்கர் பீட்டரின் தந்தையோடு பிறந்தவர். அவர் மனைவியைத் தமிழர் வீடுகளில் பெரியம்மா என்றோ சித்தி என்றோதான் அழைப்போம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் உறவுமுறையைத் தொலைக்க வேண்டுமா? இதைக் குறிப்பிட்டு நான் முன்பே ஒரு கடிதம் எழுதினேன். தாங்கள் அன்போடு அதன் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் வெளியிட்டீர்கள். நடுவிலிருந்த காரணம் போய்விட்டதால், இதழைப் படித்த என் மைத்துனர், "எதற்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுச் சந்தாதாரருக்கு அந்தக் கேள்வியும் ஒரு வெகுமதிதான்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. கட்டுரையோடு வெளியான படத்தில் இருக்கும் பச்சை முகமூடி வில்லன் 2002இல் வந்த முதல் பாகத்தைச் சேர்ந்தவன் என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். இக்கடிதத்துக்கு இடம் போதவில்லையென்றால் முதல் பத்தியை எடுத்துவிடுங்கள். திரையரங்கைப் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம் எனப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பழைய வாசகன்,
விருதுநகர்.