சட்டியில் கொதிக்கும் எண்ணெய்: குமரி மாவட்டக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீக்கடை, சிப்ஸ் கடை, மீன் பொரிப்புக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் வீடுகளில் முதலில் முட்டையை நிறுத்துகிறார்கள். பிறகு குழம்புக்குத் தேங்காய் அரைப்பதைக் குறைக்கிறார்கள். காலையில் டீயோடு உள்ளே போகும் இரண்டு வடையும், சாயங்காலத்து ஏத்தம்பழ பஜ்ஜியும் யார் கணக்கிலும் வருவதில்லை. களியக்காவிளை முதல் கன்னியாகுமரி வரை அவற்றைப் போட்டுக் கொடுப்பவர்கள் நீங்கள். நோயாளிகளை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுவதன் காரணம் அதுதான். உங்கள் சட்டியில் ஒன்று மாறினால் ஒரு தெருவுக்கே மாறும்.

முதலில் தேங்காய் எண்ணெய். நம் மண்ணின் எண்ணெய்தான், மணத்துக்கு ஈடில்லைதான். ஆனால் அதில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்து எடுப்பது கல்லீரல். நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது அந்த வேலை மந்தமாகிறது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இந்தக் கொழுப்பு சுமார் 22 கிராமைத் தாண்டக்கூடாது. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்த அளவு தீர்ந்துவிடுகிறது. செக்கில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. மணமும் சில சத்துகளும் தங்கும், கொழுப்பின் தன்மை அப்படியே இருக்கும். நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் அது கூட்டுகிறதே என்பார்கள். உண்மை. ஆனால் எல்டிஎல் ஏறியதை அது ஈடுகட்டிவிடும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை. அவியலை இறக்கும்போது மேலே ஊற்றும் ஒரு கரண்டி இருக்கட்டும். பொரிப்பதற்குத்தான் வேண்டாம் என்கிறோம். ஏத்தங்காய் சிப்ஸ் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். 100 கிராம் பொட்டலத்தை ஒருவரே காலி செய்தால் அன்றைய அளவு அதோடு தாண்டியாயிற்று.

சிப்ஸ் போடுகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய் பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றுகிறீர்கள். சடசடவென்று நுரைத்து அடங்கும், உப்பு ஒரே சீராகப் பிடிக்கும். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு ஈடுக்கும் எண்ணெயை உடைக்கிறது. உடைந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் பிரிந்து நிற்கும், அதனால் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். பத்து ஈடு கழிந்த எண்ணெய் கெட்டுப்போவதில் இதற்கும் பங்கு உண்டு. சீவிய காயை உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்கிப் பொரித்துப் பாருங்கள். இல்லையென்றால் எடுத்தபின் பொடியுப்பைத் தூவிக் குலுக்குங்கள். பக்குவம் கைவர நாலைந்து ஈடு வீணாகலாம், எண்ணெய் மிச்சமாவதில் அது திரும்பி வந்துவிடும்.

அப்படியென்றால் எந்த எண்ணெய்? பாமாயில் மலிவு, நிறைய நேரம் தாங்கும். ஆனால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்புதான். கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு உள்ளேயும், தவிட்டு எண்ணெயில் அதற்குச் சற்று மேலேயும் இருக்கும். மீதியில் பெரும்பகுதி எல்டிஎல்லைக் குறைக்க உதவும் நிறைவுறாக் கொழுப்பு. பொரிப்புக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வோம். சூரியகாந்தி எண்ணெய் வீட்டுத் தாளிப்புக்கு நல்லது, நாள் முழுக்கக் கொதிக்கும் சட்டிக்கு ஏற்றதல்ல, சீக்கிரம் சிதையும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நல்ல எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று நினைத்து அதையே மூன்று நாள் ஓட்டினால் மாறிய பலன் போய்விடும். நிறைவுறா எண்ணெய் சூட்டில் பாமாயிலைவிட வேகமாகக் கெடும். ஆகவே அகலச் சட்டியில் ஐந்து லிட்டர் ஊற்றாதீர்கள். வாய் குறுகிய சட்டியில் இரண்டு லிட்டர் ஊற்றி, அன்றைய வேலை முடியும்போது எண்ணெயும் அடியில் நிற்கும்படி பாருங்கள். மாவைக் கிள்ளிப் போட்டால் அடியில் தொட்டு உடனே மேலே வர வேண்டும், அதுதான் 170 முதல் 180 டிகிரி. புகை கிளம்பினால் சூடு மீறிவிட்டது. ஆள் வராத நேரம் அடுப்பைத் தணியுங்கள். உதிர்ந்த மாவுத்தூள் கருகிக் கருகித்தான் எண்ணெயைக் கறுப்பாக்குகிறது, ஈடுக்கு ஈடு அரித்து எடுங்கள். நேற்றைய எண்ணெயில் இன்றைய புது எண்ணெயைக் கலக்கவே வேண்டாம். கெட்டது புதியதையும் கூட்டிக்கொண்டு கெடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், அதாவது டிபிசி, 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. அளக்கக் கையடக்க மீட்டர் கிடைக்கிறது. மீட்டர் இல்லாதவர்களுக்கு அடங்காத நுரை, கொழகொழப்பு, காறல் வாசனை ஆகியவையே அடையாளம், ஆனால் இவை தெரியும்போது பெரும்பாலும் எல்லை தாண்டியிருக்கும். கழித்த எண்ணெயைச் சின்னக் கடைகளுக்கு விலைக்குக் கொடுக்கும் வழக்கத்தைக் கைகூப்பிக் கேட்கிறோம், விட்டுவிடுங்கள். பயோடீசலுக்கு அதை வாங்க 2018இலேயே ரூகோ என்ற திட்டம் வந்தாயிற்று. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டால் எடுப்பவர் யாரென்று தெரியும். புரோட்டாவுக்கு வனஸ்பதி தேய்ப்பவர்களும் கவனியுங்கள்: எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும் டிரான்ஸ் கொழுப்பு அதில் 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

மீன் கடைக்காரர்களே, குளச்சலிலும் முட்டத்திலும் இறங்கும் நெய்ச்சாளையும் அயிலையும் விலை உயர்ந்த மாத்திரையில் அடைத்து விற்கும் ஒமேகா-3 கொழுப்பைத் தாமே சுமந்து வருகின்றன. வாரம் இரண்டு வேளை போதும். அது முக்கியமாகக் குறைப்பது ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடை. எல்டிஎல்லுக்கு அதையே மருந்தாக நம்ப வேண்டாம். ஆழப் பொரித்தால் மீனின் கொழுப்பு எண்ணெய்க்குள் இறங்கி, சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடுகிறது. மசாலா தடவி வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் சுட்டால், ஒரு மீனுக்கு ஒரு சிறு கரண்டி எண்ணெய் போதும். தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கைத் தட்டு நிறைய வைக்காதீர்கள். மாவுச்சத்து கூடினாலும் டிரைகிளிசரைடு ஏறும்.

வடைத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்திரம் பயறோ கொண்டைக்கடலைச் சுண்டலோ வையுங்கள், வறுத்த நிலக்கடலையும் இருக்கட்டும். பயறிலும் கொண்டைக்கடலையிலும் இருக்கும் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளும். போன பித்த அமிலத்தை மறுபடி உண்டாக்கக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுக்கும். நாளுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார் உள்ளே போனாலே எல்டிஎல் ஓரளவு இறங்கும். சுண்டலில் தேங்காயைக் கைப்பிடியாகப் போடாமல் சிட்டிகையாகத் தூவுங்கள்.

பொட்டலத்தில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சடிப்பதையும் நிறுத்துங்கள். செடியில் விளையும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லத்தக்க அளவு இல்லை. நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது. அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டி, தினமும் காலையில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: இன்று சட்டியில் என்ன எண்ணெய், எத்தனை மணிக்கு ஊற்றியது.

இப்படிக்கு,
நாகர்கோவிலில் உணவு ஆலோசனைப் பணியில் இருப்போர்