அங்கவைன்னு உன்ன கூப்டது

கலா,

எப்படிடி இருக்க? உன் மெசேஜ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடணும் போடணும்னு நெனச்சே தள்ளிப் போயிடுச்சு, கோவிச்சுக்காத. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சுது, இப்ப சீரியல்ல மருமக கட்டியிருக்கற புடவையோட பார்டர் வரைக்கும் தெரியுதாம், அதுல ஒரே சந்தோஷம். நான்தான் இன்னும் நாலு கிலோ ஏறிட்டேன். வாக்கிங் போறேன்னு ஷூ வாங்கினேன், ஷூ மட்டும் புதுசாவே இருக்கு.

இப்ப வர்ற லவ் படம் எதுவும் ஏன் மனசுல ஒட்ட மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தியே. வயசாயிடுச்சுடின்னு சொல்லி முடிச்சிருப்பேன், ஆனா போன ஞாயித்துக்கிழமை ஒண்ணு நடந்துச்சு. டிவில ரஜினியோட சிவாஜி படம் போட்டிருந்தான், 2007ல வார்டன்கிட்ட பொய் சொல்லிட்டு போய் பாத்தோமே, அதேதான். அண்ணன் பொண்ணு, எட்டாங்கிளாஸ் படிக்கறா, பக்கத்துல உக்காந்திருந்தா. அந்த அங்கவை சங்கவை சீன் வந்துச்சு. ரெண்டு பொண்ணுங்களுக்கும் மூஞ்சி பூரா கருப்பு பூசி விட்டு, அவங்களப் பாத்து மிரள்றதுதான் காமெடி. பழக்கதோஷம், நான் சிரிச்சிட்டேன். இவ சிரிக்கல. "இது மேக்கப் தானே அத்தை"ன்னா. ஆமான்னேன். "அப்ப நெஜமா கருப்பா இருக்கறவங்களுக்கு இந்த கிண்டல் பண்ற வேஷம் கூட குடுக்கலையா"ன்னு கேட்டா பாரு, வாய் அடைச்சுப் போச்சு.

அந்தப் பேரு ரெண்டும் பாரியோட பொண்ணுங்க பேருடி. புறநானூறு 112, "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்", அப்பாவும் போயி மலையும் போனப்புறம் அவங்க பாடினது, கிளாஸ்ல மிஸ் சொல்லும்போது நீ கண்ணத் தொடச்சிக்கிட்ட. அந்தப் பேரத் தூக்கிட்டு வந்து இதுக்கு வெச்சாங்க, அப்பாவா நடிச்சது வேற சாலமன் பாப்பையா, தமிழ்ப் பேராசிரியரு! இத்தனைக்கும் அந்தப் படத்துல ஹீரோவும் கருப்புதான். வெள்ளையாகணும்னு அவரு படாத பாடு படுவாரு, ஒரு பாட்டுல கம்ப்யூட்டர வெச்சு வெள்ளக்காரனாவே ஆக்கிட்டாங்க, அதெல்லாம் ரசிக்கற மாதிரிதான் இருந்துச்சு, நான் இல்லைங்கல. ஆனா ஆம்பள கருப்பா இருந்தா கடைசில ஹீரோயின் கெடைக்கறா, பொம்பள கருப்பா இருந்தா தொட்டுக்க ஊறுகா. டூயட் பாடற உடம்பு இது, சிரிக்கறதுக்கு இருக்கற உடம்பு அதுன்னு மொதல்லயே பிரிச்சு வெச்சிடறாங்க, அப்பறம் லவ் எங்கேர்ந்து ஒட்டும் சொல்லு.

கிண்டலே பண்ணக்கூடாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல, உனக்கே தெரியும். 2010ல நம்ம ஹீரோ படங்களயே ஓட்டி 'தமிழ்ப்படம்'னு ஒரு படம் வந்துச்சே, அதுல ஹீரோவோட ஃப்ரெண்ட்ஸா மனோபாலா, எம்.எஸ்.பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தின்னு வயசான மூணு பேரையும் போட்டு, பரத் நகுல் சித்தார்த்துன்னு அப்ப இருந்த சின்ன வயசு ஹீரோங்க பேரும் வெச்சிருப்பாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், இன்னிக்கும் சிரிப்பேன். ஏன்னா நாப்பது தாண்டினவரு நோட்புக்க சுத்திக்கிட்டு காலேஜ் வாசல்ல நிக்கறத அதுவரைக்கும் நாம வாயத் தொறக்காம பாத்துட்டுதானே இருந்தோம், அந்தக் கிண்டல் நமக்கும் பெரிய ஹீரோங்களுக்கும் சேத்து விழுந்த அடி. பாவம் ஏதோ ஒரு துணை நடிகையோட பல்லுக்கும் தொப்பைக்கும் விழுந்தது இல்ல.

இஞ்சி இடுப்பழகி (2015) பாக்கச் சொன்னல்ல, பாத்தேன். அனுஷ்கா நெஜமாவே வெயிட் போட்டு நடிச்சிருக்கா, அதுக்கு ஒரு சலாம். ஆனா படம் பூரா அவ வெயிட்டேதான் கதை. குண்டா இருக்கற ஒருத்தி சும்மா வேலைக்குப் போயி, எவனோ ஒருத்தன லவ் பண்ணி, சண்ட போட்டு, பிரிஞ்சு, ஒருத்தரும் அவ உடம்பப் பத்தி ஒரு வார்த்த பேசாம ஒரு படம் வரட்டும், நான் ஃபர்ஸ்ட் டே போறேன்.

சரி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அன்னிக்கு சிவாஜி பாத்துட்டு வந்த ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸுல உன்ன மொதல்ல அங்கவைன்னு கூப்டது நான்தான். என்ன அப்ப எல்லாரும் பூசணின்னு ஓட்டிட்டிருந்தாங்க, அத உன் பக்கம் திருப்பி விட்டேன், அவ்ளோதான் கணக்கு. நீயும் சிரிச்ச. ஆனா ஃபேர்வெல் போட்டோவ நேத்து எடுத்துப் பாத்தேன், உன் கழுத்து ஒரு கலரு, மூஞ்சி ஒரு கலரு. நீ பிதுக்கிப் பிதுக்கிப் பூசின அந்த ஃபேர் அண்ட் லவ்லி கூட 2020ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேர மாத்திக்கிச்சு, நம்ம பேட்ச் குரூப்புல நீ இன்னும் அங்கவைதான்.

என் ஃபோன்லயும் அப்படித்தான் சேவ் பண்ணி வெச்சிருந்தேன். மாத்திட்டேன். இப்ப லிஸ்ட்டுல ரெண்டு கலா, இன்னொண்ணு டைலரு. நேத்து உனக்குன்னு நெனச்சு அவங்களுக்கு போட்டு "என்னடி பண்ற"ன்னுட்டேன், பிளவுஸ் எப்ப வருமோ தெரியல.

திட்டணும்னா ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூப்டு, ஃப்ரீயாதான் இருப்பேன்.

வசந்தி