நான்காம் இடமும் ஓடி வாங்கியதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பி.டி. உஷாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவர் பதக்கத்தைக் கோட்டைவிட்டார் என்று ஒரு வரி. அதற்கப்புறம் என்னால் மேலே படிக்கவே முடியவில்லை.

1984-ல்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஒலிம்பிக்கிலேயே முதன்முதலாக நடந்தது. கேரளத்துப் பையோளிக் கடற்கரை மணலில் பயிற்சியாளர் நம்பியாரிடம் ஓடிப் பழகிய இருபது வயதுப் பெண், அரையிறுதியில் முதலாவதாக வந்தார். இறுதி ஓட்டத்தில் 55.42 விநாடி, நான்காம் இடம். வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணுக்கு 55.41. அங்கே வாய்க்குப் பழகிய சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சமாளித்ததாக உஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதற்குப் பெயர் கோட்டைவிடுவதா? அந்த 55.42-ஐ இன்னொரு இந்தியப் பெண் தொடுவதற்கு 39 வருஷம் ஆயிற்று. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தொட்டவர் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த 5 தங்கத்தில் 4 உஷா ஓடி வந்தவை, அதில் ஒன்று தொடர் ஓட்டம். தாங்கள் அறியாதது எதையும் நான் சொல்லிவிடவில்லை. அறிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

நான் ஏற்காட்டில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மலையில் நூறு மீட்டர் சமதரை கிடைப்பதே பெரும்பாடு. சுண்ணாம்புக் கோடு போட்டால் சாயங்கால மழையில் போய்விடும். தடைக்கு, இரண்டு முளை அடித்து மேலே சில்வர் ஓக் கம்பைக் கட்டாமல் சும்மா வைப்போம். கால் பட்டால் கம்பு விழ வேண்டும், பிள்ளை விழக் கூடாது. பத்தாம் வகுப்பு வந்தால் என் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு டவுசர் என்று வீட்டில் கேட்பார்கள். பத்திரிகையில் வந்த உஷா படத்தைக் கத்தரித்து வைத்திருந்தேன், அதைக் காட்டித்தான் சம்மதம் வாங்குவேன். உங்கள் பத்திரிகையில் வந்த படம்தான் அது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி, தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் அம்மாவின் மகள், வருவாய் மாவட்டப் போட்டியில் 400 மீட்டரில் நான்காவதாக வந்தாள். ஸ்பைக்ஸ் போட்டு ஓடியவர்களுக்கு நடுவில் வெறுங்காலோடு ஓடினாள். மறுநாள் செய்தியில் சான்றிதழ் கொடுத்த பிரமுகரின் பெயர் இருந்தது, மேடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் பெயரும் இருந்தது. ஓடிய பிள்ளைகளில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை, முதலாவதாக வந்தவள் பெயரும் சேர்த்து. அடுத்த வருஷம் அவள் ஓட வரவில்லை. "நாலாவதுதானே டீச்சர், போதும் விடுங்க" என்றார் அவள் அம்மா.

அந்தக் கட்டுரைக்கு மறுப்பு வெளியிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இனி மாவட்டத் தடகளப் போட்டிச் செய்தி போடும்போது, இறுதி ஓட்டத்தில் ஓடிய எல்லோருடைய பெயரையும் அவரவர் எடுத்த நேரத்தையும் ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். இடம் போதாது என்றால் விருந்தினர் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.