இரண்டாவது திறப்பு

மச்சான்,

எழுதி நாளாச்சு, கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். கொக்கனின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மிச்சத்தை அவனே சொல்லட்டும், இல்லாவிட்டால் என்னோடு சண்டைக்கு வருவான். நான் எழுத வந்தது நீ வாங்கின காரைப் பற்றி.

நீ அனுப்பின படத்தில் மாலை போட்ட வாகனமும் உன் பல்லும் நல்லாத்தான் இருந்தன. கையில் ஒரு திறப்பு, ஒரேயொரு சாவிதானே இருந்தது, மற்றது எங்கே? விற்றவர் தரவில்லை என்றால் இந்தக் கிழமையே இன்னொன்று செய்துகொள்.

அத்தான் மண்டூர்த் திருவிழாவுக்குப் போனவர், காரைக் குருமண்வெளியில் விட்டுவிட்டுப் பாதைப் படகில் ஏறியிருக்கிறார். நடு வாவியில் முகம் துடைக்கப் பொக்கெற்றில் இருந்து லேஞ்சியை இழுக்க, திறப்பும் கூட வந்து தண்ணீருக்குள் போய்விட்டது. இருந்ததே அது ஒன்றுதான். பட்டன் ஸ்டார்ட் வாகனம். கதவை எப்படியாவது திறந்தாலும், திறப்புக்குள் இருக்கும் சிப்பின் இலக்கம் கிடைக்காமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. காத்தான்குடியில் இருந்து ஒருவர் மிசினோடு வந்து, காரில் இருந்த பழைய திறப்பின் பதிவை அழித்துப் புதுத் திறப்பைப் பதிந்து கொடுக்க இருட்டிவிட்டது. ஒரு திறப்பு கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது சின்ன வேலை, மச்சான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெற்றில் மிசினைக் கொழுவிப் பதிவார்கள், அவ்வளவுதான். எல்லாம் தொலைந்த பிறகு செய்தால் காசு பல மடங்கு.

மலிவாக இருக்கிறதென்று ஒன்லைனில் கண்டதையும் வாங்காதே. ஜப்பானுக்குச் செய்த வாகனங்களின் ரிமோட் அலைவரிசை பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டி இருக்கும், ஐரோப்பாவுக்குச் செய்தவை 433. மாறி வந்தால் பட்டனை அமத்தி அமத்திக் கை நோவதுதான் மிச்சம். வேறு காரில் பதிந்த பழைய ஸ்மார்ட் திறப்பும் அநேகமாகத் திரும்பப் பதியாது.

மறுகா, இதுதான் எனக்குப் பெரிய யோசனை. உன் காரில் எத்தனை திறப்பு பதிந்திருக்கிறது என்று மிசினில் பார்க்கச் சொல். பழைய சொந்தக்காரரின் மற்றத் திறப்பு இப்போது யார் கையில் இருக்கிறதோ! உன்னிடம் இல்லாதது எல்லாவற்றையும் அழிக்கச் சொல். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில், தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போகாதே.

அம்மாவுக்கு இரவில் மூச்சு முட்டினால் நீதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் திறப்பைத் தேடிக்கொண்டு நிற்கிற நிலை உனக்கு வரக்கூடாது. அதை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன்.

செய்ததும் ஒரு வரி போடு. புதுத் திறப்பை அம்மாவின் அலுமாரியில் வை, காருக்குள் வைத்துவிடாதே.

அன்புடன்,
தம்பு