குடியாத்தத்தில் ஒரு தறி வீடாவது நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கனடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாரிஸ்பர்க் அருகே உள்ள ‘அப்பர் கனடா வில்லேஜ்’ என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு மாப்பிள்ளை கூட்டிப்போனார். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கப்பல் போகவும் மின்சாரம் எடுக்கவும் அணை கட்டியதில், கரையோர ஊர்கள் சில 1958இல் தண்ணீருக்குள் போயின. அதற்கு முன்பே பழைய வீடுகள் சிலவற்றைப் பெயர்த்து வந்து, வேறு இடங்களிலிருந்தும் சேர்த்து, 1860களின் கிராமம் போல அமைத்து 1961இல் திறந்திருக்கிறார்கள். காடு திருத்திக் குடியேறியவர்களின் ஊர் அது. (அவர்களுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்த பூர்வகுடிகளின் கதைக்கும் இதே அளவு இடம் தர வேண்டும் என்பேன்.)

ரொட்டி சுடும் விறகடுப்பு, கொல்லன் பட்டறை, குதிரை வண்டி எல்லாம் பார்த்தோம். என் கால் நகராமல் நின்றது கம்பளி ஆலையில்தான். தண்ணீர் விசையில் ஓடும் பழைய எந்திரங்கள் ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்து நூலாக்குகின்றன. அங்கேயே போர்வையும் நெய்கிறார்கள். அந்தக் கால உடையில் இருந்த பெண்மணி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

நான் குழித்தறியில், அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் கால் வைத்து மிதிக்கும் தறியில், லுங்கி நெய்து பிழைத்தவன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தறி வெறும் மரம்தான். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும் சத்தம் கேட்க வேண்டும், அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடும் விரலைப் பார்க்க வேண்டும்.

குடியாத்தத்தில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நீட்டிக் கஞ்சி தடவியதைப் பார்த்து வளர்ந்தோம். இன்று விசைத்தறி வந்து, கூலி கட்டாமல், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டை இடித்துக் கட்டும்போது தறிக்குழியும் சிமென்ட்டுக்கு அடியில் போய்விடுகிறது.

வேலூர் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே என்பார்கள். சரி, சிலைகளை அங்கே பார்க்கலாம், வேலை நடக்கும் வீட்டைப் பார்க்க முடியாதே. நம் மாநிலத்தில் இது நடக்காத காரியமும் இல்லை. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரம் நெசவாளர் வீடு நிற்கிறது.

நமக்குப் பெயர்த்து நட வேண்டிய அவசியம்கூட இல்லை. குடியாத்தத்தில் இரண்டு மூன்று தறி வீடுகளை உரிமையாளர் சம்மதத்தோடு வாடகைக்கு எடுத்து, வயதான நெசவாளர்களை நாள் கூலிக்கு அமர்த்தி, நெய்ததை அங்கேயே விற்கலாம். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்ற நாட்களுக்குக் கூலி கிடையாது என்பதையும் பார்க்க வருகிறவர்களுக்கு மறைக்காமல் சொல்லலாம்.

கைத்தறித் துறையும் நகராட்சியும் கணக்கெடுக்க வந்தால், எந்தெந்த வீட்டில் தறி இன்னும் கழற்றாமல் இருக்கிறது என்று காட்ட நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெசவாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.