பாளையங்கோட்டையிலிருந்து அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பாப்பா எல்லாரும் சுகம்தானே? போன் போட்டால் "பிறகு பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

விவாகரத்துக்குப் போகிறவர்களுக்குக் கோச்சிங் கொடுக்கிற வேலையில் நீ சேர்ந்ததை அப்பா சமாதானபுரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். குடும்பநல கோர்ட்டில் கவுன்சலராக இருந்தவள் மகள் வேறென்ன செய்வாள் என்கிறாள் பெரியம்மை. ஆனால் ஏட்டி, அதை அடுத்தவர் வாயால்தான் நாங்கள் கேட்க வேண்டுமா? போகட்டும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், வருகிறவர்களுக்கு உதவும்.

நீ வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை என்பதை முதல் நாளே சொல்லி, எழுத்திலும் கொடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் நீயே பார்க்காதே. மணிக்கு இவ்வளவு என்று பீஸ் வை. கிடைக்கிற தொகையில் சதவீதம் பேசினால், பணத்துக்காகக் குடும்பத்தைப் பிரித்தாள் என்று பேச்சு வரும். அடி உதை இருந்தால் அங்கே கோச்சிங்குக்கு வேலை இல்லை. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசச் சொல், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கச் சொல். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அவளை வாழ்கிற வீட்டை விட்டு நினைத்தபடி இறக்கிவிட முடியாது. சாகிற பேச்சு வந்தால் மனநல உதவி எண் 14416. வக்கீலுக்குப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும், அவர்கள் போன் நம்பர் 15100.

சேருவதா பிரிவதா என்று நீ சொல்லாதே. யாரும் சொல்லக்கூடாது, பெற்றவர்கள்கூட. எந்தப் பக்கம் போனாலும் கையில் காகிதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நகை லிஸ்டை முதலில் எழுத வை. கேட்டால் எல்லாரும் "மொத்தம் இத்தனை பவுன்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கோர்ட்டில் அது நிற்காது. உருப்படி உருப்படியாக எழுத வேண்டும்: என்ன நகை, எத்தனை கிராம், யார் போட்டது, பில் உண்டா, கல்யாண ஆல்பத்தில் எந்தப் போட்டோவில் தெரிகிறது, இப்போது யார் கையில். பெண்ணுக்குப் போட்டது பெண்ணுக்கே சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட் 1985-லேயே சொல்லிவிட்டது. ஆனால் என்ன போட்டார்கள் என்பதை அவள்தான் காட்ட வேண்டும். நாம் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித்தான் அனுப்புகிறோம். வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் எந்த வீட்டில் கிடந்தாலும் யாருடையது என்று தெரிந்துபோகும். தங்கத்துக்கு அந்த வசதி இல்லை. பழைய வளையலைப் போட்டு நெக்லஸ் எடுத்திருந்தால் இன்னும் சிக்கல். மாற்றின கடை பில்லில் பழைய நகையின் எடை இருக்கும், அதைத் தேடச் சொல். லாக்கர் இரண்டு பேர் பெயரிலும் இருந்தால், எந்தத் தேதியில் யார் திறந்தார்கள் என்பது பாங்கு ரிஜிஸ்டரில் இருக்கும். அடகில் இருந்தால் சீட்டு நம்பரை எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது செலவுக் கணக்கு. சுப்ரீம் கோர்ட்டின் 2020 தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். மாதச் செலவு எழுது என்றால் வாடகை, பால், மளிகை, கரண்டு பில் வரும். ஸ்கூல் பீஸ், இன்ஷூரன்ஸ், தீபாவளித் துணி, வீட்டு அட்வான்ஸ் விட்டுப்போகும், ஏனென்றால் அதெல்லாம் மாதாமாதம் வருவதில்லை. கேட்கிற தொகை குறைந்துபோய், பிறகு கூட்டிக் கேட்க இன்னொரு மனு போட்டு அலைய வேண்டும். 12 மாதச் செலவையும் மொத்தமாக எழுதி 12-ஆல் வகுக்கச் சொல். வேலைக்குப் போகிறவள் சம்பளத்தை மறைக்கவே கூடாது. ஸ்டேட்மென்டில் அது வெளியே வந்தால், அவள் சொன்ன மற்ற நிஜமும் எடுபடாது.

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதென்றால் இந்துத் திருமணச் சட்டத்தில் 13-பி பிரிவு. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷன் பெண்டாட்டியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிவுதான். மனு போட்டு ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி போய் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். 2017 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலிருந்து அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் விலக்கலாம், ஆனால் பணம், பிள்ளை எல்லாம் முடிவாகியிருந்தால்தான். நடுவில் ஒருத்தர் மாட்டேன் என்றால் மனு போச்சு. இங்கேதான் ஏமாறுவார்கள். முதல் கையெழுத்தோடு சாவியையும் பத்திரத்தையும் கொடுத்துவிட்டு, பிறகு பின்னாலேயே அலைவார்கள். முதல் மனுவில் ஒரு பங்கு, கடைசிக் கையெழுத்தன்று பாக்கிக்கு டிடி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொன்று உண்டு. பெரியவர்களை உட்காரவைத்து முத்திரைத்தாளில் எழுதி, "அத்துவிட்டாச்சு" என்று எழுந்து போவார்கள். அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டென்று நிரூபித்தால் ஒழிய, சட்டத்தில் அந்தக் கல்யாணம் அப்படியேதான் இருக்கும். மறுகல்யாணம் பேசும்போதுதான் வினை தெரியும்.

மனு எங்கே போடுவது என்று கேட்பார்கள். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கிற ஊர். அதே சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனு போடுவது மனைவி என்றால் அவள் இப்போது இருக்கிற ஊரிலும் போடலாம். அம்மா வீட்டில் வந்து இருந்தால் இங்கேயே போடலாம். சும்மா சொல்கிறேன்.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். "வசதிப்படி வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரியை எந்த ஒப்பந்தத்திலும் விடாதே. யார் வசதி என்பதில்தான் மறுபடி சண்டை. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கூட்டி எந்த இடத்தில் விடுவது, பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், மே லீவை எப்படிப் பிரிப்பது, பீஸை எந்தத் தேதிக்குள் யார் கட்டுவது, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

பிள்ளையிடம் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்வது நல்லது. பரீட்சை நேரத்திலும் பிறந்தநாளிலும் சொல்லக்கூடாது. "அம்மாவும் அப்பாவும் இனி வேறு வேறு வீட்டில் இருப்போம், உன்னால் இல்லை, இரண்டு பேரும் உன்னோடுதான்." இதற்கு மேல் வேண்டாம். யு.கே.ஜி. படிக்கிற பிள்ளை காரணம் கேட்காது. வேனில் யார் ஏற்றிவிடுவார்கள், பொம்மை எந்த வீட்டில் இருக்கும் என்றுதான் கேட்கும். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

முக்கியமாக, பிள்ளையை ரகசியம் காக்க வைக்கக் கூடாது. போன வாரம் பாப்பா போனில், "புது வீட்ல பால்கனி இருக்கு ஆச்சி" என்று ஆரம்பித்துவிட்டு, "ம்ஹூம், ஒண்ணும் இல்ல" என்று நிறுத்திக்கொண்டாள். நான் மேலே கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் ஆச்சியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அந்தச் சின்னத் தலையில் பாரம் ஏற்றாதீர்கள். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் என்று இந்துப் பிள்ளைகளின் காப்பாளர் பற்றிய 1956 சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகும் பிள்ளையின் நலன்தான் முதல் கணக்கு. பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அதைச் சொல்லு. நகை லிஸ்டையும் சொல்லு.

உன் கல்யாண ஆல்பம், நகை பில், பாத்திர லிஸ்ட் எல்லாம் இங்கே பீரோவில் ஒரே கவரில் இருக்கிறது. உன்னிடம் வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட உதவுமே. ஸ்கேன் போதுமா, ஜெராக்ஸ் எடுத்து அனுப்பவா என்று எழுது. நீ மாற்றி எடுத்த ஆரத்தின் பில் மட்டும் இங்கே இல்லை, உன்னிடம் இருக்கிறதா பார்.

ஆனித் தேருக்கு வருவாய்தானே? ரிசர்வேஷன் இப்போது 60 நாள்தான், நெல்லை எக்ஸ்பிரஸ் திறந்தவுடன் நிரம்பிவிடும். அப்பா ஜங்ஷனுக்குப் போய் எடுத்துவிடுவார்கள். எத்தனை டிக்கெட் என்று மட்டும் சொல்லு. திரும்பிப் போகிற டிக்கெட் இப்போதே எடுக்க வேண்டுமா என்பதையும் சொல்லு.

அம்மா