பட்டன் வைத்த பாட்டுப் பெட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல ஸ்மார்ட்போன் கிடைக்கும்போது பாட்டுக் கேட்க எதற்குத் தனியாக ஒரு கருவி என்று கேட்டிருந்த சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். இளைஞர்களைப் பொறுத்தவரை மறுக்க ஒன்றுமில்லை. 2001-ல் ஆப்பிளின் பாட்டுக் கருவியான முதல் ஐபாட் வந்தபோது 5 ஜிபியில் ஆயிரம் பாட்டு என்பதே பெரிய செய்தி. இன்று விலை குறைந்த போனிலேயே 64 ஜிபி இருக்கிறது. ஆப்பிள் நிறுவனமே 2022 மே மாதத்தில் ஐபாடுக்கு முடிவு கட்டிவிட்டது. ஆனால், கண் நன்றாகத் தெரிகிறவர்களையும் விரல் சொன்னபடி கேட்கிறவர்களையும் மட்டுமே மனதில் வைத்துக் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. பல வீடுகளில் பகலெல்லாம் பாட்டையும் ரேடியோவையும் துணைக்கு வைத்திருப்பவர்கள் வயதானவர்கள்தான்.

எங்கள் வீட்டில் அது அம்மா. எண்பதை நெருங்குகிறார், பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. தொடுதிரை வேலை செய்வது விரலில் உள்ள மின்தன்மையை உணர்ந்து. காலமெல்லாம் வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்த்து, உலர்ந்து காய்த்துப்போன விரல் நுனியை அது பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. சரியென்று கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், பாட்டு ஓடுவதற்குப் பதிலாக நீக்கவா, பகிரவா என்று ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. அதுவும் ஆங்கிலத்தில். "யாராவது வந்து வச்சுக் குடுங்கப்பா" என்று போனைக் கீழே வைத்துவிடுவார். பிடித்த ஒரு பாட்டைக் கேட்க, வேலைக்குப் போன பிள்ளை திரும்பி வரும்வரை காத்திருப்பது என்ன நியாயம்?

இப்போது அவர் கையில் இருப்பது பென் டிரைவும் மெமரி கார்டும் போடுகிற சின்ன எஃப்.எம். பெட்டி. சில நூறு ரூபாய்தான். பாட்டை நிறுத்தி ஓட்டும் பட்டன் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். விளக்கைப் போடாமலேயே விரலால் தடவி, பொட்டைக் கண்டுபிடித்து அமுக்கிவிடுகிறார். அதற்கு இடப்பக்கம் முந்தைய பாட்டு, வலப்பக்கம் அடுத்தது. ரீசார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், நடுவில் விளம்பரமும் கத்தாது.

போனில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாட்டுக் கேட்கத்தானே கொடுக்கிறோம் என்று இணையத்தோடு ஒரு போனை வயதானவர் கையில் கொடுத்தால், ஓடிபி கேட்பவனுக்கும், போலீஸ் பேசுகிறேன் என்று மிரட்டுகிறவனுக்கும் சேர்த்தே கதவைத் திறந்து வைக்கிறோம். பாட்டுப் பெட்டிக்கு யாரும் போன் பண்ண முடியாது.

பட்டன் வைத்த கருவிக்கு இனி சந்தை இல்லை என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. பட்டிதொட்டியெல்லாம் போன் வந்துவிட்ட 2017-ல்தான் சரிகம நிறுவனம் ஐயாயிரம் பாட்டுகளை ஏற்றிய கார்வான் என்ற பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. பிறகு தமிழ்ப் பாட்டுகளுக்கென்றே தனிப் பெட்டியும் வந்தது. பார்க்க அந்தக் கால ரேடியோ மாதிரி இருக்கும் அதை, பெற்றோருக்குப் பரிசாகத் தேடி வாங்கிக் கொடுத்தவர்கள் கையில் ஸ்மார்ட்போன் வைத்திருந்த பிள்ளைகள்தான். அதன் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது மட்டுமே என் குறை.

கட்டுரை தொடாமலே விட்டது எஃப்.எம். ரேடியோவை. எஃப்.எம். உள்ள பெரும்பாலான போன்களில் இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. 2016-ல் ஐபோன் 7-ல் அந்த ஒயரைச் செருகும் ஹெட்போன் ஜாக்கை எடுத்தார்கள். அந்த வழக்கம் மெல்ல மெல்ல விலை குறைந்த போன்களுக்கும் இறங்கி வருகிறது. ஜாக் போனால் ஒயரும் போகும், ரேடியோவும் போகும். எஃப்.எம். வசதியை முடக்கி வைக்கக்கூடாது என்று 2023-ல் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது. பேரிடர் நேரத்தில் ரேடியோவின் தேவையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது காவிரி டெல்டாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் டவர்கள் செயலிழந்து கிடந்தன. அப்போது எஃப்.எம். இல்லாத போன், எத்தனை விலையுயர்ந்ததானாலும், டார்ச் லைட்டுக்கு மட்டும்தான் உதவியது. அதுவும் சார்ஜ் தீரும்வரை.

எனவே, போன் வந்துவிட்டதால் பாட்டுப் பெட்டியை ஒழித்துவிடலாம் என்ற முடிவை ஏற்க முடியவில்லை. போன் தயாரிப்பவர்கள் விலை குறைந்த மாடல்களிலாவது ஜாக்கையும் மெமரி கார்டு இடத்தையும் விட்டுவைக்கட்டும். பாட்டுப் பெட்டி செய்பவர்கள் பட்டன்களைத் தடவினாலே வித்தியாசம் தெரிகிற மாதிரி செய்யட்டும். இப்போது கடைகளில் கிடைக்கும் சின்னப் பெட்டிகளை வாங்கி, பட்டன் அளவு, சத்தம், சார்ஜ் நிற்கும் நேரம், ரிப்பேர் வசதி ஆகியவற்றை ஒப்பிட்டுத் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டால், வயதான பெற்றோரை வைத்திருக்கும் என் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி, பட்டுக்கோட்டை